காகித டையும் தென்னோலை வாட்சும்

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம். பெங்களூரில் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறை முடிந்து மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறக்கின்றன. புது நோட்டு, புது ஸ்கெட்ச் பேனா, புது டீச்சர். இரண்டு மூன்று வாரத்துக்குள் இந்த நாள் வந்துவிடுவதால், பல பள்ளிகளில் அந்த வருடத்தின் முதல் கைவேலையே அப்பாவுக்கான வாழ்த்து அட்டைதான். அதிலும் அதிகமாகக் கண்ணில் படுவது ஒரே டிசைன். சார்ட் பேப்பரில் ஒரு சட்டைக் காலர், நடுவில் கலர் பேப்பரில் மடித்து ஒட்டிய ஒரு டை. டை மேல் ஜிகினாத் தூள்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் எத்தனை அப்பாக்கள் டை கட்டுகிறார்கள்? சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் டீ-ஷர்ட்டோடு போகிறார். ஆட்டோ ஓட்டுகிறவர் காக்கிச் சட்டை போடுகிறார். கட்டிட வேலைக்குப் போகிற அப்பா தலையில் துண்டு கட்டுகிறார். பல வீடுகளில் தினமும் டை கட்டுகிற ஒரே ஆள் அந்தக் குழந்தைதான், அதுவும் யூனிஃபார்மில் :-)

என் மகளும் போன வருடம் ஒரு டை கொண்டு வந்து கொடுத்தாள். அலமாரிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. இந்த டை எங்கிருந்துதான் வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை நான் நினைத்ததை விடப் பெரியது. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற குடும்பங்களுக்கு அது இன்னும் நெருக்கமானது. அதனால்தான் இந்தப் பதிவு.

சுரங்கத்தில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் மொனோங்கா என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1907 டிசம்பர் 6ஆம் தேதி காலையில் அங்கே 6, 8 என்று எண் போட்ட இரண்டு சுரங்கங்கள் வெடித்தன. அதிகாரபூர்வக் கணக்கில் மட்டும் 360 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அமெரிக்காவின் சுரங்க வரலாற்றில் இன்று வரைக்கும் அதுதான் மிகப் பெரிய விபத்து. கணக்கில் வராதவர்களும் இருந்தார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பவர் ஒருவர், அவருக்கு உதவியாக உள்ளே போகிறவர் இன்னொருவர் என்பது அந்தக் காலத்து வழக்கம். அந்த இன்னொருவரின் பெயர் எங்கேயும் இருக்காது.

செத்தவர்களில் நிறையப் பேர் வந்தேறிகள். இத்தாலியின் தெற்கில் இருக்கும் மோலிசே, கலாபிரியா பகுதிகளின் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். போலந்துப் பக்கத்தவர்களும் உண்டு. சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, மாதா மாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே காலையில் சுமார் 1000 குழந்தைகள் அப்பா இல்லாதவர்களானார்கள் என்று சொல்வார்கள்.

மொனோங்காவுக்குப் பக்கத்திலேயே ஃபேர்மான்ட் என்கிற ஊர். அங்கே கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்று ஒரு பெண்மணி. அவருடைய அப்பா ஒரு மெதடிஸ்ட் போதகர், சில வருடங்களுக்கு முன்பே காலமானவர். அந்தக் குழந்தைகளைப் பார்த்து அவருக்குத் தன் அப்பா ஞாபகம் வந்தது. இறந்துபோன அப்பாக்களுக்காக ஒரு வழிபாடு நடத்த வேண்டும் என்று தன் தேவாலயத்துப் போதகரிடம் கேட்டார். 1908 ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அப்பாக்களுக்கென்று நடந்த முதல் நாளாக இன்று வரலாற்றில் சொல்லப்படுவது அதுதான்.

இரண்டு மாதம் முன்னால், 1908 மே 10ஆம் தேதி, அதே மாநிலத்தில் கிராஃப்டன் என்ற பக்கத்து ஊரில் ஆனா ஜார்விஸ் என்பவரின் முயற்சியால் முதல் அன்னையர் தின வழிபாடு நடந்திருந்தது. அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1914ல் அதிபர் வில்சன் அதை தேசிய நாளாகவே அறிவித்துவிட்டார். ஃபேர்மான்ட் வழிபாடு அந்த ஊரைத் தாண்டவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் தொடரவும் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியுலகம் அதைக் கண்டுகொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த முதல் நாளில் கையில் பரிசு வாங்க ஒரு அப்பாவும் இல்லை. அது அப்பாவை இழந்த பிள்ளைகளின் நாள்.

ஆறு பிள்ளைகளும் ஒரு அப்பாவும்

இன்று நாம் கொண்டாடுகிற மூன்றாவது ஞாயிறு வேறு ஒரு ஊரிலிருந்து வந்தது. அமெரிக்காவின் இன்னொரு கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற நகரம். சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்ணுக்கு 16 வயதாக இருக்கும்போது, 1898ல் அவருடைய அம்மா ஆறாவது பிரசவத்தில் இறந்துபோனார். அப்பா வில்லியம் ஜாக்சன் ஸ்மார்ட், உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர், விவசாயி. சொனோராவையும் ஐந்து தம்பிகளையும் அவர்தான் வளர்த்தார். மூத்த பெண் என்பதால் சொனோராவும் தம்பிகளுக்குப் பாதி அம்மா.

1909ல் தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டபோது, அப்பாவுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்று சொனோராவுக்குத் தோன்றியது. ஊரில் இருந்த போதகர்களிடம் போய்ப் பேசினார். அப்பாவின் பிறந்த நாளான ஜூன் 5 அன்று வைக்கலாம் என்பது அவர் ஆசை. பிரசங்கம் தயார் செய்ய நேரம் போதாது என்று அவர்கள் சொன்னதால் தள்ளிப்போய், 1910 ஜூன் 19ல் நடந்தது. அது ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. நம் பிள்ளைகள் பெங்களூரில் டை ஒட்டுகிற தேதிக்குக் காரணம், ஸ்போகேன் போதகர்களுக்கு வேண்டியிருந்த அந்த இரண்டு வார அவகாசம்தான்!

அன்றைக்கு அடையாளம் ரோஜாப்பூ. அப்பா உயிரோடு இருந்தால் சிவப்பு ரோஜா, இல்லாவிட்டால் வெள்ளை ரோஜா. அப்பா இல்லாத பிள்ளைக்கும் அந்த நாளில் இடம் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அரசாங்கம் இதை ஏற்றுக்கொள்ள ரொம்ப காலம் ஆனது. 1924ல் அதிபர் கூலிட்ஜ் நல்ல யோசனை என்று பரிந்துரைத்ததோடு சரி. 1966ல் ஜான்சன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். 1972ல் நிக்சன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது நிரந்தரமான தேசிய நாளானது. அன்னையர் தினத்துக்கும் இதற்கும் 58 வருட இடைவெளி. நல்ல வேளையாக சொனோரா அதைப் பார்க்க இருந்தார். 1978ல், 96 வயதில் காலமானார்.

டை எப்படி உள்ளே வந்தது?

1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கக் கடைகள் படுத்துவிட்டன. நியூயார்க்கில் ஆண்களுக்கான உடை விற்கும் வியாபாரிகள் ஒன்று சேர்ந்து, தந்தையர் தினத்தைப் பரப்புவதற்கென்றே ஒரு கவுன்சில் அமைத்தார்கள். டை, சட்டை, சாக்ஸ், பைப், ஷேவிங் சாமான் என்று விளம்பரம் போட்டார்கள். ஆரம்பத்தில் மக்கள் சிரித்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்காத டையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதற்கான பில்லையும் அப்பா தலையிலேயே கட்டுவது என்பது அந்தக் காலத்து நகைச்சுவைத் துணுக்குகளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் விளம்பரம் ஜெயித்தது. ஆண்களுக்கான பொருட்களை விற்பவர்களுக்கு இது இரண்டாவது கிறிஸ்துமஸ் என்று பின்னாளில் அந்தக் கவுன்சிலே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது.

ஆக, அப்பா என்றால் டை என்ற படம் துணிக்கடைக்காரர்கள் வரைந்தது. கடையில் விற்ற டையைப் பார்த்துப் பள்ளிக்கூட டீச்சர்கள் காகிதத்தில் டை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காகித டை கைவேலைப் புத்தகங்கள் வழியாகவும், பிறகு இணையம் வழியாகவும் ஊர் ஊராகப் போனது.

ஆனா ஜார்விஸ் கதை இதற்கு நேர்மாறு. தான் தொடங்கிய அன்னையர் தினத்தைப் பூக்கடைக்காரர்களும் வாழ்த்து அட்டைக் கம்பெனிகளும் பிடித்துக்கொண்டார்கள் என்று கடைசி வரை சண்டை போட்டார். அம்மாவுக்கு நாலு வரி கையால் எழுதச் சோம்பேறித்தனப்பட்டு அச்சடித்த அட்டையை வாங்கி அனுப்புகிறார்களே என்பது அவருடைய ஆத்திரம். 1948ல் இறக்கும்போது அவரிடம் பணமும் இல்லை, அவருக்குப் பிள்ளைகளும் இல்லை.

இந்தியாவுக்கு இதெல்லாம் வந்தது வாழ்த்து அட்டைக் கடைகள் வழியாக. ஆர்ச்சீஸ் கம்பெனி 1979ல் டெல்லியில் தொடங்கியது. 1990களில் கேபிள் டிவி, தாராளமயம் எல்லாம் வந்தபோது நகரங்களில் இந்த நாட்கள் ஒவ்வொன்றாக நுழைந்தன. பெங்களூர் மாதிரி ஊரில் சீக்கிரமே ஒட்டிக்கொண்டன. எல்லா நாட்டிலும் இதே தேதி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செப்டம்பர் முதல் ஞாயிறு. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் மார்ச் 19, புனித சூசையப்பர் நாள். தாய்லாந்தில் டிசம்பர் 5.

நம்ம ஊரில் அப்பாவுக்கு என்ன கொடுத்தோம்?

இது அமெரிக்கப் பழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளை தன் கையால் செய்ததைப் பெற்றவர்கள் கொண்டாடுவது நமக்குப் புதிதில்லை.

திருக்குறளில் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் 64வது குறள், தன் குழந்தை சின்னக் கையை விட்டுத் துழாவிய கூழ் அமிழ்தத்தை விட இனிப்பது பற்றிப் பேசுகிறது. புறநானூற்றில் 188வது பாட்டு பாண்டியன் அறிவுடை நம்பி என்ற ராஜா பாடியது. குழந்தை தத்தித் தத்தி வந்து, தட்டில் இருக்கும் நெய்ச்சோற்றில் கை விட்டு, வாயில் போட்டு, உடம்பெல்லாம் பூசிக்கொள்வதைச் சொல்லி, இது இல்லாதவன் எவ்வளவு சொத்து இருந்தும் வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி முடிப்பார். ஒரு அப்பா எழுதிய பாட்டு என்று படித்தவுடன் தெரிந்துவிடும்.

இரண்டிலும் இருப்பது கடையில் வாங்கிய பொருள் இல்லை. அழுக்கும் பிசுக்கும் உள்ள ஒரு சின்னக் கை, அவ்வளவுதான்.

இன்னும் கிட்டத்தில் வருவோம். மணலில் வீடு கட்டுவது சிற்றில். மணலையே சோறாக்கிச் சமைப்பது சிறுசோறு. சங்கப் பாட்டுக் காலத்திலிருந்து தொடர்ந்து வரும் விளையாட்டு இது. நம் தலைமுறையில் சொப்புச் சாமான். வேலை முடிந்து அலுத்துப்போய்த் திண்ணையில் உட்காரும் அப்பாவுக்கு, மூணு கல்லு அடுப்பில் வெந்த மண் சோறும், வேப்பிலைக் கூட்டும், செங்கல் பொடிக் குழம்பும் சொப்புத் தட்டில் வரும். அவரும் வாய் கிட்டே கொண்டுபோய் “உப்பு கொஞ்சம் கம்மிடா” என்பார். தேதி குறிக்காமல், வருடம் முழுக்க நடந்த தந்தையர் தினம் அது.

அடுத்தது தென்னோலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தென்னங்கீற்று கையில் கிடைத்தால் கண்ணாடி, மோதிரம், பீப்பி, பாம்பு, வாட்ச் என்று ஒரு கடையே வைத்துவிடுவோம். பனையோலையில் காற்றாடி. பெரும்பாலும் அப்பாவோ தாத்தாவோதான் முதலில் செய்து காட்டுவார். கற்றுக்கொண்டதும் நாம் செய்து அவர் கையில் கட்டிவிடுவோம். கற்றுக்கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கிற பரிசு.

மூன்றாவது, பொங்கல் வாழ்த்து. கடையில் சாமி படமும் சினிமா நட்சத்திரங்கள் படமும் போட்ட அட்டைகள் தொங்கும். காசு இல்லாத பிள்ளைகள் சாதாரண அஞ்சலட்டையில் தானே வரைவார்கள். இரண்டு கரும்பு, பொங்குகிற பானை, மேலே பாதிச் சூரியன். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் ஒன்று போகும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879ல் அறிமுகமானது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குப் போன எத்தனையோ அப்பாக்களுக்குப் பிள்ளையின் கையெழுத்து முதலில் தெரிந்தது அதில்தான். செல்போனும் குறுஞ்செய்தியும் வந்த பிறகு 2000களில் அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது.

பெங்களூருக்கு வந்த அப்பாக்கள்

பெங்களூரில் தமிழர்கள் ஐ.டி.க்கு வந்தவர்கள் என்று நினைத்தால் வரலாறு கோபித்துக்கொள்ளும். 1809ல் ஆங்கிலேயர்கள் இங்கே கண்டோன்மெண்ட் அமைத்தபோதே மதராஸ் பட்டாளத்தோடும் அதற்குச் சாமான் கொடுக்கிறவர்களோடும் தமிழர்கள் வந்துவிட்டார்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் போனால் இன்றும் காதில் தமிழ்தான் விழும். 1884ல் தொடங்கிய, பிறகு பின்னி மில் என்று பேர் பெற்ற நூற்பாலைக்கு வந்தவர்கள் உண்டு. அப்புறம் எச்.ஏ.எல். (1940), ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954). ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் அப்பாக்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்.

இங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி கோலார் தங்கவயல். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. ஆழத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள், குறிப்பாக வட ஆற்காடு பக்கத்துத் தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது. பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல்தான். தங்கத்துக்கு இருந்த அவசரம் அப்படி. தங்கம் தோண்டியவர்களின் வீடுகள் என்னவோ ஒற்றை அறை லைன் வீடுகள்தான்.

மொனோங்கா பற்றிப் படிக்கும்போது எனக்குத் தங்கவயல்தான் ஞாபகம் வந்தது. வேற்றூர்க்காரர்கள், வேற்று மொழி, காலையில் கீழே இறங்கிய அப்பா சாயங்காலம் மேலே வருவாரா என்று தெரியாத பிள்ளைகள். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். பிள்ளை எழுந்திருக்கும் முன்னால் கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு வீடு திரும்பும் அப்பாக்கள். அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் ஐ.டி. அப்பாக்களுக்கும் இந்தக் கதை கொஞ்சம் தெரியும்.

எச்.எம்.டி. என்றதும் வாட்ச் ஞாபகம் வரும். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961ல் பெங்களூர் ஜாலஹள்ளியில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. நம் அப்பாக்களின் மணிக்கட்டில் இருந்த சாவி கொடுக்கும் ‘ஜனதா’ இந்தக் கம்பெனியுடையதுதான். வேலை கிடைத்தால், கல்யாணம் ஆனால், ரிட்டயர் ஆனால் எச்.எம்.டி. வாட்ச்தான் பரிசு. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதென்று 2016ல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஜாலஹள்ளியில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அப்பா என்றால் டை என்பது நியூயார்க் துணிக்கடையின் படம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த அப்பாக்களின் படம் வேறு. அந்தப் படத்திலிருந்தே பரிசு செய்யலாமே? செலவே இல்லாமல் நான்கு யோசனைகள்.

1. தென்னோலை வாட்ச்

பெங்களூரில் தென்னை மரத்துக்குப் பஞ்சமில்லை. பச்சைக் கீற்றிலிருந்து ஒரே அகலத்தில் இரண்டு ஓலை கிழித்து, நடு ஈர்க்கை உருவிவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் பின்னினால் நடுவில் சதுரமாக டயல் வரும். மிச்சமிருக்கும் நுனிகள்தான் ஸ்ட்ராப். ஓலை கிடைக்காவிட்டால் தடித்த கலர் பேப்பர். டயலில் பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளை ஒரு மணி வரையட்டும். எந்த மணி? அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசையோ, அந்த மணி. ஓலை நாலு நாளில் காய்ந்துவிடும். அந்த நாலு நாளாவது வாட்ச் காட்டுகிற நேரத்துக்கு அப்பா வீட்டுக்கு வரட்டும்.

2. தாத்தாவுக்கு ஒரு அஞ்சலட்டை

பெங்களூர் அப்பாவுக்கு ஊரில் ஒரு அப்பா இருப்பார். அஞ்சலட்டை 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். நாலைந்து வயதுப் பிள்ளையின் கை அதில் சரியாக அடங்கும். கையை விரித்து வைத்துச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, உள்ளே பேரும் தேதியும் எழுதினால் முடிந்தது. இரண்டு வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத ஒரு காரணம் கிடைக்கும், எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பத்து நாள் முன்னாலேயே தபாலில் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒன்று அனுப்பினால் பேரப்பிள்ளையின் கை வளர்வதைத் தாத்தா தன் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வார். வீடியோ காலில் இது நடக்காது.

3. சின்னக் கை பிசைந்த கோசம்பரி

அடுப்பு வேண்டாம், கத்தி வேண்டாம். கர்நாடகாவில் ராமநவமிக்குப் பானகத்தோடு தருவார்களே, அந்தக் கோசம்பரிதான். அரை கப் பாசிப்பருப்பை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். துருவிய வெள்ளரிக்காய், கேரட், தேங்காய்ப்பூ, கொத்தமல்லி போட்டு, உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் கலக்க வேண்டும். துருவுவது பெரியவர்கள் வேலை, ஊறவைப்பதும் பிழிவதும் பிசைவதும் பிள்ளையின் வேலை. கன்னட நாட்டுச் சமையலும் 64வது குறளும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும். உப்பு கூடப் போனாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவது அப்பாவின் பொறுப்பு!

4. அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம்

1928 கோடையில் முசோரியில் இருந்த 10 வயது மகள் இந்திராவுக்கு, அலகாபாத்திலிருந்து நேரு கடிதங்கள் எழுதினார். உலகம் எப்படி உண்டானது, மனிதர்கள் எப்படி வந்தார்கள் என்றெல்லாம் சொல்லும் 30 கடிதங்கள். 1929ல் புத்தகமாக வந்தது. அப்பா மகளுக்குக் கொடுத்த பரிசு அது. நம் பிள்ளைகள் அதைத் திருப்பிப் போடலாம். நாலு ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்பிள் அடித்தால் 16 பக்கப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு கேள்வி. நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எங்கே? உங்களுக்கு யார் நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? ஏன் ஊரை விட்டு வந்தீர்கள்? தாத்தா என்ன வேலை பார்த்தார்? பிள்ளை கேட்டு எழுதி, பக்கத்தில் படம் வரையட்டும். நம்மில் பலருக்கு அப்பாவின் சின்ன வயசைப் பற்றிப் பத்து வரி கூடத் தெரியாது. மொனோங்காவில் செத்தவர்கள் எத்தனை பேர் என்றே இன்று வரை சரியாகத் தெரியாததற்குக் காரணம், எழுதி வைக்க ஆள் இல்லை என்பதுதான்.

வெள்ளை ரோஜா

இப்போது அந்த ரோஜா விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் டை ஒட்டும்போது, ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. அப்பா இறந்துபோயிருக்கலாம். அப்பாவும் அம்மாவும் பிரிந்திருக்கலாம். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரலாம். அந்தப் பிள்ளையும் எதுவும் சொல்லாமல் டை ஒட்டும். சாயங்காலம் அது பையிலேயே கசங்கும்.

அந்தப் பிள்ளை இந்த நாளுக்கு வெளியாள் இல்லை. இந்த நாளின் சொந்தக்காரரே அந்தப் பிள்ளைதான். 1908ல் ஃபேர்மான்ட் தேவாலயத்தில் நினைக்கப்பட்டவர்கள் உயிரோடு இல்லாத அப்பாக்கள். 1910ல் ஸ்போகேனில் வெள்ளை ரோஜா இருந்தது. நடுவில் கடைக்காரர்கள் வந்தபோதுதான் வெள்ளை ரோஜா காணாமல் போய் டை வந்தது. இறந்துபோன அப்பாவுக்கு யாரும் டை வாங்க மாட்டார்கள் அல்லவா?

நமக்கு இது புரியாத விஷயமும் இல்லை. ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் எள்ளும் தண்ணீரும் விடுவது எதற்கு? நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போவது எதற்கு? இல்லாதவருக்கும் நம் கையால் ஒன்று செய்யலாம் என்பதை நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அதனால் அம்மா அப்பாக்களுக்கும், இதைப் படிக்கும் டீச்சர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளைகளிடம் ‘அப்பாவுக்குச் செய்’ என்பதோடு நிறுத்தாமல், ‘உன்னை வளர்க்கிறவருக்குச் செய், அல்லது நீ நினைத்துக்கொள்கிறவருக்குச் செய்’ என்று சொல்லுங்கள். தாத்தாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், அப்பா வேலையையும் சேர்த்துப் பார்க்கிற அம்மாவாக இருக்கலாம், சுவரில் மாலை போட்ட படமாகவும் இருக்கலாம். அந்த 16 பக்கப் புத்தகத்தை அப்பா இல்லாத பிள்ளையும் எழுதலாம். கேள்விகளைப் பாட்டியிடமும் சித்தப்பாவிடமும் அப்பாவின் நண்பர்களிடமும் கேட்டால் போதும். அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடைக்கப் போவதில்லை.

உங்கள் பிள்ளைகள் கையால் செய்து கொடுத்த பொருள் ஏதாவது இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? நீங்கள் உங்கள் அப்பாவுக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். பனையோலையில் வாட்ச் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தால் முறையையும் சேர்த்துச் சொல்லுங்கள், எனக்குத் தென்னோலை மட்டும்தான் வரும்.